நாங்கள் உடைக்காத குழாய்கள்

பயணக் களைப்பு தீர்ந்து, அந்த ஊர்க் குளிருக்கு உடம்பு மறுபடி பழகி, ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு இதைப் படி, மகளே. பஸ்ஸுக்கு நின்றபடி படித்துவிட்டு மறந்துபோகும் கடிதம் இல்லை இது. கைபேசியில் இரண்டு வரி தட்டிவிட்டிருக்கலாம்தான்; நீயும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிப்போனவள் நான். ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கண்டியில் மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா மடியில் பத்திரிகையோடு முன் கதிரையில் தூங்குகிறார். இதை எழுதி முடித்ததும் அவர்தான் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும், எழுப்பிக்கொள்ளலாம்.

நீ போன காலையை எடுத்துக்கொள். வேன் வாசலில் நிற்கிறது. சாரதி ஹோன் அடிக்கிறான். அப்பா உன் பெட்டியை மறுபடியும் தூக்கிப் பார்த்து, கிலோ கூடிவிட்டது என்று புலம்புகிறார். நீ படியில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாய்: “அம்மா, அந்தக் காலத்துல குழாய தண்ணிக்குள்ள போட்டதும் ஒடச்சிருவீங்களா?” நான் உன் பயணப் பைக்குள் முறுக்குப் பொட்டலத்தைத் திணிப்பதில் மும்முரமாக இருந்தேன். “ஒடைக்கிறதா? நல்லா இருக்கே கத! ஒரு குழாய் கூட ஒடையாம பாத்துக்கிட்டோம்டி நாங்க,” என்றேன், அவ்வளவு பெருமையாக. நீ நாடாவைக் கட்டி முடித்தாய். எழும்பி என்னைக் கட்டிக்கொண்டாய், வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே. பிறகு முன்னறைச் சுவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வேனில் ஏறிவிட்டாய். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திரும்பும் வளைவில் வேன் மறைந்த பிறகு, கதவைச் சாத்தப் போன கை அப்படியே நின்றது. நீ கேட்டது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மீதி அப்பாவிடமிருந்து வந்தது. அவர் வயிற்றில் ஒன்றும் தங்காது என்று உனக்குத் தெரியும்; தெரிந்தும் அவரிடம் போய் இரகசியம் சொல்லியிருக்கிறாயே, உன்னை என்னவென்று சொல்ல! நாவலப்பிட்டிக்கு அத்தையைப் பார்க்க நீங்கள் இருவரும் ரயிலில் போனபோது உன் ஆய்வைப் பற்றிச் சொன்னாயாம்: “அம்மா போட்ட கோடு பிழ அப்பா. நான் வைக்கிற புள்ளியெல்லாம் வேற எடத்துல போய் விழுது. அம்மாகிட்ட சொல்லிராதீங்க. அந்த அத்தியாயத்தையே தூக்கிட்டு, வேற ஒலோகம் எதையாவது வச்சு ஒப்பேத்திருவேன்.” நீ போன அன்று பின்னேரம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அப்பா குசினி வாசலில் வந்து நின்றார். எதையாவது உடைத்துவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி நின்றார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, “ஒனக்கு மனசு நோகும்னு புள்ள பாக்குறா. எனக்கு இதெல்லாம் வெளங்காது. நீயே ஏதாச்சும் பண்ணு,” என்றார். மனசு நொந்தது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோடு பிழையாய்ப் போனதற்காக நொந்ததைவிட, அதை என்னிடம் சொல்ல நீ பயந்தாய் என்பதுதான் அதிகம் நொந்தது.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை அப்பாவும் படிப்பார், அத்தையும் படிப்பாள். இத்தனை வருடமும் சுவரில் தொங்கும் அந்தப் படம் என்னவென்று அவர்களுக்கும் ஒருமுறை விளங்கட்டும். தங்கம் மசிந்து கொடுக்கும் உலோகம். நயோபியம் லேசில் எந்த அடுப்புக்கும் உருகாத முரட்டு உலோகம். இரண்டையும் எந்த அளவில் சேர்த்து எந்தச் சூட்டில் வைத்தால், உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படத்துக்குத்தான் அவத்தை வரைபடம் என்று பெயர். ஒரு பக்கம் கலவையின் அளவு, மறு பக்கம் சூடு, நடுவே ஓடுவது எல்லைக் கோடுகள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நயோபியம் தங்கத்துக்குள் முழுவதும் கரைந்து ஒன்றாகிவிடும். அந்தப் பக்கம் போனால், தேத்தண்ணியில் சீனி மிஞ்சி அடியில் நிற்பது போல, மிஞ்சியது தனியே பிரிந்து நிற்கும். சூடு கூடினால் அதிகம் கரையும், ஆறினால் பிரியும். அந்த எல்லைக் கோடுகளில் ஒன்றைத்தான் நான் போட்டேன். கலப்புலோகங்களை எல்லாம் தொகுத்த ஒரு தடித்த புத்தகத்தில் அது ஒரு மூலையில் ஏறியது. அப்பா அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, சட்டம் போட்டு, முன்னறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதை ஈசிஜி படம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, “யாருக்குங்க நெஞ்சு வருத்தம்?” என்று கேட்பார்கள். நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, “இது எங்கம்மா கண்டுபிடிச்ச கோடு” என்று காட்டுவாய். குசினியில் நின்று அதைக் கேட்டு நான் எத்தனையோ தடவை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, தேடிப் போய், தன் ஆய்வுக்கு அதே இரண்டு உலோகங்களை எடுத்தது.

கோடு போடும் வேலை எப்படி என்று என் அப்பாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, நான் விளக்கியது நினைவு வருகிறது. அவர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியில் அடுப்பு வேலை செய்தவர். நான் தங்கத்தோடு வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் தோட்டமே ஒரு மாதிரி பார்த்தது. உன் அத்தை தனக்கொரு சங்கிலி செய்து தர முடியுமா என்று நேரிலேயே கேட்டுவிட்டாள். தாத்தாவுக்குக் கவலை. “தங்கத்த வச்சு அங்க என்னம்மா பண்ற?” என்றார். நான் சொன்னேன்: “அரைச்ச கொழுந்த விரிச்சுப் போட்டா பச்ச போயி செம்பு நெறத்துக்கு வருதுல்ல? சரியான பதத்துல நீங்க அதத் தூக்கி அடுப்புல போட்டு, அந்தப் பதத்த அப்படியே நிறுத்திப்புடுறீங்க. நாங்க கலப்புலோகத்த வாரக்கணக்குல சூட்டுல வச்சு, அது ஒரு பதத்துக்கு வந்ததும் தூக்கித் தண்ணியில போட்டு, அந்தப் பதத்த அப்படியே நிறுத்துறோம். நீங்க சூட்டுல நிறுத்துறீங்க, நாங்க குளுருல நிறுத்துறோம்.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மெண்ட்!” என்று சிரித்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், “மக எங்க டிபார்ட்மெண்டுல தான் இருக்கா” என்பார். சட்டென்று நிறுத்த வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று அன்றைக்கு வாய் கிழியச் சொன்னவள் நான்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வருமுன் நான் இருந்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்தவர் மடவளை நிஸார் நானா, எனக்கு ஓர் அண்ணன் மாதிரி. உன்னைச் சின்னப் பிள்ளையாகத் தூக்கி வைத்திருக்கிறார், உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. கண்ணாடி வேலை முழுவதும் அவர் கையில் இருந்தது. ஒரு வெளிநாட்டு ஆய்வுகூடம் தங்கத்தையும் நயோபியத்தையும் உருக்கி, சட்டைப் பொத்தான் அளவில் நமக்கு அனுப்பும். அதை நான் மெல்லிய துண்டுகளாக வெட்டுவேன். ஒவ்வொரு துண்டையும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நானா தீச்சுடரில் வாயை உருக்கி மூடுவார். பிறகு குழாய் உலைக்குள் போகும். வாரங்கள் கழித்து, செக்கச் சிவந்த குழாயை நான் இடுக்கியால் பிடித்து இழுத்துத் தண்ணீர் வாளிக்குள் போடுவேன். குவார்ட்ஸ் பொல்லாத கண்ணாடி. அந்தச் சூட்டிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தாலும் கீறல் விடாது. ஆறிய பின் நானா அதன் நுனியை மட்டும் அறுத்துத் துண்டை எடுப்பார். மீதிக் குழாயைக் கழுவி, அடுத்த துண்டைப் போட்டு மறுபடி மூடுவார். சீவச் சீவப் பென்சில் கட்டையாவது மாதிரி குழாயும் கட்டையாகிக்கொண்டே வரும். விரல் நீளத்துக்கு வந்த பிறகும் அவர் அதை விட மாட்டார். “இன்னும் ஒரு ரவுண்டு போகும் புள்ள,” என்பார்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதே. சண்டைக் காலம் அது. குழாய்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருகிற பொதி எப்போது கைக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை நானும் நானாவும் கொழும்புக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வழியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், மடியில் நீளமான குழாய்கள் அடுக்கிய பெட்டி. நிலைமையை நீயே யோசித்துப் பார். இளம் சிப்பாய் ஒருவன், “மே மொனவத?” என்று கேட்டுக்கொண்டே பெட்டியை மண்மூட்டையின் மேல் கவிழ்த்தான். இது என்ன என்று கேட்கிறான். நானாதான் முன்னால் வந்து, கடகடவென்று சிங்களத்தில் பேசி, இது பள்ளிக்கூடத்துக் கண்ணாடிச் சாமான், மிஸ் படிப்பிக்கிறவங்க என்று ஆளைச் சமாதானப்படுத்தினார். பாதிக் குழாய்கள் உருண்டு தாரில் விழுந்து நொறுங்கிப்போயின. அந்தப் பையனுக்கும் முகம் சுருங்கிவிட்டது. குனிந்து மீதியை அவனே பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்தான். கண்டி வரும் வரை நானா பெட்டியைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “இனி ஒண்ணும் ஒடையப்படாது,” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. ஒரு குழாயையும் நாங்கள் உடைக்கவில்லை.

பிழை அங்கேதான் இருந்தது, இல்லையா? குழாயைத் தண்ணீருக்குள் போட்ட அந்தக் கணமே சுத்தியலால் ஒரு போடு போட்டு உடைத்திருக்க வேண்டும். தண்ணீர் பாய்ந்து துண்டைத் தொட்டிருக்க வேண்டும். நாங்கள் உடைக்காததால் குழாய்தான் குளித்தது, உள்ளே காற்றில்லாத வெறுமைக்குள் கிடந்த துண்டு குளிக்கவேயில்லை. அது தன் சௌகரியத்துக்கு மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது. ஆறுகிறபோது, கரைந்திருந்ததில் ஒரு பங்கு ஊசி ஊசியாகப் பிரிந்திருக்கிறது. நான் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, ஊசிகளைக் கண்டு, எல்லை தாண்டியாயிற்று என்று கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டேன். அந்த ஊசிகள் எவ்வளவு அழகு தெரியுமா! மார்கழிக் காலையில் கண்ணாடி ஜன்னலில் படியும் பனி மாதிரி இருக்கும். நானாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்பார். கட்டுரையில் ‘தண்ணீரில் திடீரெனக் குளிர்விக்கப்பட்டது’ என்று எழுதினேன். மனமறிந்து எழுதிய பொய் இல்லை அது. எங்களுக்கு உருக்கி அனுப்பியவர்களும் குழாயை உடைக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. அவர்களிடம் குழாய் கட்டுக் கட்டாகக் கிடந்தது. உடைப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிராது. உடைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் படியில் உட்கார்ந்து யோசித்தபோது, அந்தப் பீங்கான் கோப்பைதான் என் கண் முன்னால் வந்து நின்றது. கல்யாணத்துக்கு வந்த கோப்பைகளைக் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி வைத்து, நல்ல நாளுக்கென்று சொல்லிச் சொல்லி ஒரு நாளும் எடுக்காமல் வைத்திருந்தேனே, அதில் ஒன்றின் பிடியை நீ உடைத்துவிட்டாய். உடைந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, பழையபடி அலுமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கணக்குச் செய்துகொண்டிருந்தாய். எங்கள் பள்ளிக்கூட அதிபர் வீட்டுக்கு வந்த அன்று நான் அந்தக் கோப்பையை எடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அவர் போன பிறகு உன்னைத் திட்டித் தீர்த்தேன். உன் விரலில் ஆறிப்போன வெட்டுக் காயம் ஒன்று இருந்ததை அப்பாதான் பிறகு காட்டினார். கோப்பைக்காகக் கண் கலங்கினேனே தவிர, அந்த விரலை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நீ என்ன படித்தாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அம்மாவின் சாமான் உடைந்தால் உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று படித்தாய். இப்போது என் கோட்டையும் அப்படித்தான் திருப்பி வைக்கப் பார்க்கிறாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணம்மா. இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு அதை இப்படி ஒளித்து வைக்கிறாயே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

அழுதுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த நாள் பஸ் ஏறி மடவளைக்குப் போனேன். நிஸார் நானாவுக்கு இப்போது நடக்க ஏலாது. பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கையில் மகனின் கடைக்குப் பக்கத்து வீட்டில், வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்க மிஸ், வாங்க! ஒங்கள நெனச்சிட்டே ஈந்தன். மக வந்தாவாமே?” என்றார். அவர் மனைவி இஞ்சித் தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நீ என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டேன். “ஒடைக்கிறதா?” என்று அவரும் என்னைப் போலவேதான் சொன்னார். “ஒடச்சா பொறகு எங்கேந்து எடுக்கிற புள்ள? நாம ஒண்ணையும் ஒடச்சதே இல்லயே!” நான் மெல்ல விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடர் பட்டுப் பட்டு அந்த விரல்களில் இப்போதும் தழும்பு இருக்கிறது. “அப்ப நாம கண்ட ஊசியெல்லாம் நாமளே வளத்தது,” என்றார் கடைசியில். ஆமாம் என்றேன். நான் எதற்கு இந்த மனிதரிடம் வந்து இதைச் சொன்னேன், நிம்மதியாக இருந்தவரின் மனசைக் கெடுத்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அவர்தான் மறுபடி பேச்சை எடுத்தார். “மக இப்ப என்ன செய்யப் போறாவாம்?” நீ அந்த அத்தியாயத்தை எடுத்துவிடப் போவதைச் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஒரு முடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்: “முந்தி நீங்க எழுதின அந்தப் பேப்பர்ல என்ட பேர் ஈந்திச்சா?” அந்தக் காலத்தில் கண்ணாடி வேலை செய்கிறவர்களின் பெயரைக் கட்டுரையில் போடுகிற வழக்கம் இல்லை. எனக்கும் போடத் தோன்றவில்லை. “இல்ல நானா,” என்றேன். “வெளங்குது, வெளங்குது. அதுக்குக் கேக்கல்ல.” கையை ஆட்டி என்னைச் சமாதானப்படுத்தினார். “இப்ப மக எழுதப் போறது நாம என்னத்த செஞ்சோம் எண்டு தானே? நிஸாரும் மிஸ்ஸும் சேந்து கொழாய ஒடைக்காமப் பாத்துக்கிட்டாங்க எண்டு எழுதச் சொல்லுங்க. என்ட பேரப் போடச் சொல்லுங்க. பிழ எண்டாலும் நம்மட வேல தானே.” பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, “கேட்டியா, என்ட பேரு வெளிநாட்டுப் புத்தகத்துல வரப்போகுது!” என்றார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, இஞ்சி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். வரும்போது ஒரு பொட்டலம் தொதல் கட்டிக்கொடுத்தார்கள், உனக்கென்று. நீ போய்விட்டாய் என்று சொல்ல மனம் வராமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா தின்று தீர்த்துவிட்டார்.

ஆகவே, மகளே, அந்த அத்தியாயத்தை நீ எடுக்கப் போவதில்லை. உன் புள்ளிகள் ஓரிடத்தில், என் புள்ளிகள் ஓரிடத்தில் என்று சும்மா விட்டால், படிக்கிறவன் இரண்டில் எது சரி என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். என் கோடு ஏன் உள்ளே விழுந்தது என்ற காரணம் இந்த உலகத்தில் எனக்கும் நிஸார் நானாவுக்கும் உனக்கும்தான் தெரியும். நானாவுக்கு நடக்க ஏலாது, எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாங்கள் இருக்கும்போதே இதை எழுதிவிடு. எங்கேயோ ஓர் ஊரில் எவனோ ஒருவன் என் கோட்டை நம்பி எதையாவது செய்துவிட்டு, ஏன் சரிவரவில்லை என்று தன்னையே நொந்துகொண்டிருக்கலாம். அவனுக்கு நீ கடமைப்பட்டிருக்கிறாய், எனக்கு அல்ல. ‘குழாய்கள் தண்ணீருக்குள் உடைக்கப்படவில்லை, மாதிரிகள் குழாய்க்குள்ளேயே மெல்ல ஆறின’ என்று பச்சையாக எழுது. யார் சொன்னது என்று கேட்டால் எங்கள் இருவரின் பெயரையும் போடு, அவர் பெயரை முதலில் போடு. பாவம் அம்மா என்று எங்கேயும் பூசி மெழுகாதே. கைக்குக் கிடைத்ததை வைத்து அன்றைக்கு இரண்டு பேர் மனசார ஒரு வேலை செய்தார்கள். அந்த வேலையின் மேல் ஏறி நின்று நீ இன்னும் கொஞ்சம் தூரம் பார்த்திருக்கிறாய். இதில் எனக்கு என்ன குறைந்துபோயிற்று? நான் போட்ட கோட்டைச் சரிபார்க்க வேறு யாரோ ஒருத்தி வந்திருந்தால் எனக்கு வலித்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நீ வந்தாய். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு அப்பாவை எழுப்ப வேண்டும். உன் வாழ்க்கையில் எதை உடைக்க வேண்டும், எதைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று சொல்லித்தரும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் கோப்பையை அலுமாரியில் வைத்துப் பூட்டினவள். ஆனால் ஏதாவது உடைந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டு. உடைந்த பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டு. இந்த முறை நான் முதலில் உன் விரலைப் பார்ப்பேன். அந்தப் பீங்கான் கோப்பைகளை எல்லாம் நேற்று வெளியே எடுத்துக் கழுவிவிட்டேன். பிடி இல்லாத கோப்பையில்தான் இப்போது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன், விரல் சுடுகிறது. சட்டம் போட்ட படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், பிள்ளையின் படம் வந்ததும் பக்கத்தில் மாட்டுவோம், இரண்டையும் பார்த்தால்தான் கதை விளங்கும் என்றார். சொன்ன கையோடு சுத்தியலை எடுத்து ஆணியும் அடித்துவிட்டார். இப்போது என் கோட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு வெறும் ஆணி நிற்கிறது. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். அவர் அதில் குடையைக் கொழுவுவதற்குள் அந்த அத்தியாயத்தை எழுதி முடி.